ஸ்னோ ப்ளோவருக்கு எந்த ஆயில்?

பனி நாட்டுக்குக் குடிவந்து, முன்பாதையில் குவியும் பனியை வாரி வீச ஸ்னோ ப்ளோவர் மெஷின் வாங்கும் நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். வெயிலில் வளர்ந்த நாம் வண்டிக்கு ஆயில் மாற்றியிருப்போம். குளிரில் அது கெட்டியாகும் என்று யோசிக்க அங்கே அவசியமே வந்ததில்லை.

எனக்கு அதைக் கண்ணால் காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். புல்வெட்டும் மெஷினுக்கு ஊற்றும் எஸ்ஏஇ 30 ஆயில் ஒரு சின்னப் பாட்டிலில், குளிருக்கான 5டபிள்யூ-30 இன்னொன்றில். (இவை ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் தர எண்கள்.) ராத்திரி முழுக்க வெளியே வைத்திருந்து காலையில் இரண்டையும் சாய்த்தார். 5டபிள்யூ-30 சட்டென்று ஓடியது. மற்றது தேன் மாதிரி இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

இதில் என்ன ஆபத்து என்றால், இந்தச் சின்ன நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனோடு சேர்ந்து அசையும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு தகடு ஆயிலில் முங்கி எழுந்து மேலே வாரித் தெளிக்கும், அவ்வளவுதான். கெட்டியான ஆயில் தெறிக்காது; தகடு போன தடம் அப்படியே பள்ளமாக நிற்கும். உராயும் பாகங்கள் காய்ந்தபடியே ஓடும். ஸ்டார்ட்டர் கயிறு வழக்கத்தைவிடக் கனமாக இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆயிலைப் பாருங்கள்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறிதாக ஆக, குளிரில் ஆயில் இளகி ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. எஸ்ஏஇ 30 சுமார் 4 டிகிரிக்குக் கீழே உதவாது. பெரும்பாலான ஸ்னோ ப்ளோவர்களுக்கு 5டபிள்யூ-30 போதும். மைனஸ் 30-ஐத் தொடும் ஊரென்றால் சிந்தடிக் 0டபிள்யூ-30 ஊற்றுவேன், மெஷினோடு வந்த கையேடு அனுமதித்தால். மீதியைப் புல்வெட்டும் மெஷினில் ஊற்றிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். கோடை வெயிலில், காற்றால் குளிரும் இன்ஜின் அந்த ஆயிலைக் கூடுதலாகக் குடிக்கும்.

மரம் அறுக்கும் செயின்சா வேறு கணக்கு. அதில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும்: 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. செயினுக்கு ஊற்றும் ஆயிலும் குளிரில் இறுகும், அதற்குக் குளிர்கால ரகம் தனியாக உண்டு.

ஸ்னோ ப்ளோவரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே பழக்கமானால் இன்ஜினுக்குள் ஈரம் தங்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இன்ஜின் சூடாகட்டும் என்று மட்டும் கராஜுக்குள் ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.