அந்த ஓர் "ஆமாம்"

"அப்ப இந்தக் கிருமிதான் காரணமா, டாக்டர்?"

"ஆமாங்க்கா."

இருமிய கன்றின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியின் ஆய்வக அறிக்கையில் இருந்த பெயர் பாஸ்சுரெல்லா மல்டோசிடா, நுரையீரல் அழற்சி தரக்கூடிய ஒரு பாக்டீரியா. கேட்டவர் கன்றுகளைப் பார்த்துக்கொள்பவர். யோசிக்காமல் வந்த அந்த "ஆமாம்" எவ்வளவு உண்மை என்ற கேள்வி எனக்குள் இன்னும் தீரவில்லை.

பாஸ்சுரெல்லா நலமான கன்றின் மூக்கிலும் குடியிருக்கும். மான்ஹைமியா ஹீமோலிட்டிகா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி என்ற பாக்டீரியாக்களும் அப்படித்தான். துள்ளித் திரியும் கன்றின் மூக்கைத் துடைத்து எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்தாலும் இவற்றில் ஒன்று முளைக்கக்கூடும். இவை நுரையீரலுக்கு இறங்கப் பெரும்பாலும் வழி திறந்துவிடுவது வைரஸ்: பி.ஆர்.எஸ்.வி. (மாட்டின் மூச்சுவழி வைரஸ்), பாராஇன்ஃபுளுயன்சா 3, மாட்டுக் கொரோனா வைரஸ், ஐ.பி.ஆர். என்ற மூக்கு, மூச்சுக்குழாய் அழற்சி தரும் ஹெர்பிஸ் வைரஸ். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அழிந்ததும் பாக்டீரியா கீழே இறங்கிவிடுகிறது. மான்ஹைமியா இறங்கினால் இன்னும் மோசம். அதன் லூக்கோடாக்சின் என்ற நஞ்சு வெள்ளையணுக்களை உடைக்கும். உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் நொதிகள் நுரையீரலையே அரிக்கும். கன்று படுத்த பிறகு நாம் மாதிரி எடுக்கும்போது வைரஸ் பெரும்பாலும் போயிருக்கும். பி.ஆர்.எஸ்.வி. மூக்கில் அகப்படுவது முதல் சில நாட்கள்தான்.

மாதிரி எடுத்த விதமும் உறுத்துகிறது. ஒரே கன்றில் எடுத்தோம், அதுவும் மிக மோசமாக இருந்த கன்றில், இரண்டு நாள் பென்சிலின் போட்ட பிறகு. மருந்துக்கு மடிய வேண்டியது மடிந்து, மிஞ்சியதுதான் ஆய்வகத் தட்டில் வளரும். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளே ஆன, ஊசி படாத நான்கைந்து கன்றுகளில் எடுத்திருக்க வேண்டும். மூக்குத் துளையைத் துடைத்துவிட்டு, உறையிட்ட நீளக் குச்சியைத் துளையிலிருந்து கண்ணின் உள்மூலை வரையுள்ள நீளத்துக்கு உள்ளே செலுத்த வேண்டும். அங்கே பஞ்சை உறையிலிருந்து நீட்டிச் சுழற்றி, மறுபடி உறைக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே எடுக்க வேண்டும். உறையில்லாத குச்சி மூக்கு வாசலில் இருப்பதையெல்லாம் அள்ளி வந்துவிடும். பாக்டீரியாவுக்கு ஒரு குச்சி, வைரஸுக்குத் தனி ஊடகத்தில் இன்னொன்று. இரண்டும் 4 டிகிரி குளிரில், உறைந்துவிடாமல், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இதில் அன்று சரியாக நடந்தது உறைக் குச்சியும் குளிர்ப்பெட்டியும் மட்டுமே.

மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவைத் தேடச் சொல்லவே இல்லை. வழக்கமான தட்டில் அது வளராது. தனி ஊடகம், கரியமில வாயு கூட்டிய காற்று, ஒரு வாரம் பத்து நாள் காத்திருப்பு எல்லாம் வேண்டும், இல்லையென்றால் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை. கேட்டால்தான் ஆய்வகம் தேடும். அதற்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலினும் செஃப்டியோஃபரும் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள், ஆகவே அதனிடம் அவை செல்லாது. அறிக்கையை நம்பி செஃப்டியோஃபர், கிலோவுக்கு 1.1 மி.கி., மூன்று நாள் போட்டோம். இருமிய மூன்றில் இரண்டு தேறின. மூன்றாவது, எட்டாம் நாள் ஒரு காதைத் தொங்கவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றது. நடுக்காதுவரை சீழ் போயிருக்கிறது. அந்தக் கோலத்தைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வருவது மைக்கோபிளாஸ்மாதான். ஆனால் பாஸ்சுரெல்லாவும் அதைச் செய்யும். அந்த "ஆமாம்" அப்போதும் பொய்யாகிவிடவில்லை.

அக்கா கேட்டது கிருமியியல் பாடம் அல்ல, ஊசியைத் தொடரலாமா என்றுதான். மாதிரி எடுத்த கன்றுக்குக் காய்ச்சல் 40.3 டிகிரி, இயல்பு 39.5 வரைதான். இரண்டு துளைகளிலும் கெட்டிச் சளி, அடிக்கடி இருமல். காய்ச்சல், இருமல், மூக்கு, கண் அல்லது காது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட்டு, கூட்டினால் 5 வந்தாலே சிகிச்சை. இதற்கு அதையும் தாண்டிவிட்டது. பெயர் தெரியும்வரை காத்திருந்தால் நுரையீரலின் முன்மடல்கள் இறுகிப்போகும். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் ஊசியை நிறுத்தியிருப்பாரோ என்னவோ. இப்படி நினைக்கும்போது மனம் ஆறுகிறது. எப்படியும் மருந்து போடத்தான் போகிறோம் என்றால் மாதிரியை அனுப்பியது எதற்கு என்று கேட்டுக்கொண்டால் மறுபடி கலைகிறது.

பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டோம். மாதிரி எடுத்த அன்றே அக்கா சொல்லியிருந்தார்: "பெரிய கன்னுங்களை இந்தப் பக்கம் மாத்தின பிறகுதான் டாக்டர் இருமல்." அறிக்கையைவிடக் கனமான சான்று அது. பெரிய கன்றுகள் தமக்குப் பெரிய தொந்தரவில்லாமல் கிருமியைச் சுமந்து, சின்னவற்றின் காற்றில் விடும். அதைக் கேட்டுத் தலையாட்டியதோடு சரி. மண்டியிட்டு, கன்று மூச்சுவிடும் உயரத்தில் அம்மோனியா நெடி அடிக்கிறதா என்றும் பார்க்கவில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் மூன்று நான்கு லிட்டர் சீம்பால் போனதா, அதன் நோய் எதிர்ப்பு கன்றுக்குச் சேர்ந்ததைக் காட்டும் அளவான இரத்தச் சீரத்தின் மொத்தப் புரதம் முதல் வாரத்தில் டெசிலிட்டருக்கு 5.2 கிராமுக்கு மேல் இருந்ததா என்றும் கேட்கவில்லை. விற்க முடியாத மடிநோய்ப் பாலைக் கன்றுக்கு ஊற்றுகிறார்களா என்பதும் அப்போது கேட்கப்படவில்லை. மைக்கோபிளாஸ்மா கன்றுக்குள் போகும் முக்கிய வழிகளில் ஒன்று அந்தப் பால். 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் அது அடங்கும்.

காது தொங்கிய அன்று அக்கா கேட்டார், "மருந்தை மாத்தணுமா டாக்டர்?"

"மாத்தணும்க்கா. மடிநோய்ப் பாலைக் கன்னுங்களுக்கு ஊத்துறீங்கன்னா அதையும் நிறுத்திடுங்க."

"அதையா? வாளியில ஊத்திட்டுதான் வர்றேன்."

ஃபுளோர்ஃபெனிகால், கிலோவுக்கு 20 மி.கி., 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி; வீக்கத்துக்கு மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.5 மி.கி. காது பாதி நிமிர்ந்தது. இரண்டாவது மாதிரி அனுப்பவில்லை. என்ன கிருமி என்று அக்கா அப்புறம் கேட்கவும் இல்லை.