ஏற்காட்டில் கேம்பர் வேன் தண்ணீர் டேங்க்கை கேனால் நிரப்புவது

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கேம்பர் வேனின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வேன்) 100 லிட்டர் தண்ணீர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறினால் 100 கிலோ கூடுதல் சுமை. பாதி நிரப்பினால் இன்னும் வம்பு. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் போய் மோதும். கை கழுவ 15 லிட்டர் வைத்துக்கொண்டு ஏறி, மேலே போய் கேனில் பிடித்து ஊற்றுவதே நல்லது.

கேன் 10 லிட்டர் போதும். 20 லிட்டர் கேனை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஊற்றினால் பாதி தரைக்குத்தான் போகும். எண்ணெய் கேன், டீசல் கேன் எதுவும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. தோட்டத்துப் பச்சை டியூபும் அப்படித்தான். குடிநீருக்கென்று விற்கும் டியூபை வாங்கி, இரண்டு முனையையும் மூடி வையுங்கள்.

தூக்கி ஊற்ற முடியாதவர்களுக்கு 12 வோல்ட் மூழ்கு பம்ப் இருக்கிறது. வாங்கும்போது குறுக்களவைப் பாருங்கள். 38 மில்லிமீட்டர் பம்ப் 20 லிட்டர் கேனின் வாய்க்குள் தாராளமாக இறங்கும். கேனைத் தரையிலேயே வைக்கலாம். ஒயரில் பம்புக்கு ஏற்ற ஃபியூஸ் அவசியம். தண்ணீர் தீர்ந்ததும் உடனே நிறுத்திவிடுங்கள், காய்ந்து ஓடினால் சீல் போய்விடும். இன்னொன்று: டியூபின் முனை டேங்க்குத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது பம்பை அணைத்தால், ஏற்றிய தண்ணீரே தரையில் இருக்கும் கேனுக்குத் திரும்பி வரும். முதலில் டியூபை மேலே இழுங்கள், பிறகு ஸ்விட்ச்.

ஆனால் பெரும்பாலான தொல்லை பம்பிலோ கேனிலோ இல்லை, காற்றில் இருக்கிறது. டேங்க்கில் உள்ள காற்று வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே போகும். அதற்கென்று நிரப்பும் வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய காற்றுக் குழாய் வரும். அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலோ, குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருந்தாலோ, ஊற்றுவது அப்படியே முகத்தில் பீய்ச்சும். 'டேங்க் நிறைந்துவிட்டது' என்று நினைத்து மூடிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாய் வறண்டு கிடக்கும். ஊற்றும் டியூப் நிரப்பும் வாயை அடைத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமனாக இருந்தாலும் இதே கதைதான்.

ஏற்காட்டில் சமதளமாக வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. காற்றுக் குழாய் இருக்கும் பக்கம் சரிவில் தாழ்ந்திருந்தால், அந்தக் குழாயின் வாய் சீக்கிரமே முங்கிவிடும். எதிர்ப்பக்கம் காற்று சிறைப்பட்டு நிற்கும். காற்றுக் குழாய் இருக்கும் பக்கச் சக்கரங்களின் கீழ் பலகை கொடுத்து உயர்த்துங்கள்.

நாள்பட நிறுத்தியிருந்த வண்டி என்றால் முதலில் கிருமி நீக்கம். 100 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் பிளீச் திரவம்) 100 மில்லி. வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்க்கை நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் குளோரின் நெடி வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 4 மணி நேரம் கழித்து முழுவதும் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

நிரப்பும் வாயின் மூடி பூட்டுள்ளதாக இருக்கட்டும். ஏற்காட்டுக் குரங்குகளுக்குத் திருகு மூடி ஒரு பொருட்டே இல்லை.