குதிகாலைத் தூக்குங்க தம்பி

சிங்கப்பூர்-ஜொகூர் கடற்பாலத்தில் பேருந்து நகரவே இல்லை. பள்ளி விடுமுறைக் கூட்டம்.

பக்கத்து இருக்கை அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கினார். அப்புறம் கணுக்காலை வட்டமாகச் சுழற்றினார். மெட்டி எதிலோ பட்டு டக் டக்கென்றது.

"பினாங்கு போய்ச் சேர்றதுக்குள்ள கால் வீங்கிடும். நீங்களும் செய்யுங்க தம்பி."

சரியென்று செய்தேன்.

கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் உள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் இருந்தால் கீழேயே தேங்கும். 4 மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து பயணம் செய்தால் சிரைகளில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை. பயப்பட வேண்டாம், அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான்.

நாம் என்னவோ விமானத்தை மட்டும் குறை சொல்கிறோம். பேருந்து, கார், ரயில் எல்லாம் இதில் சேர்த்திதான்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், 'பயணக் களைப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸ்.

வண்டியில் கழிவறை இல்லையென்று தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வழியில் பாகோ ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினாலும் பாதிப் பேர் கைப்பேசியோடு இருக்கையிலேயே இருக்கிறார்கள். இறங்கி நடங்களேன்!

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் விமானம் 18 மணி நேரத்துக்கும் மேல். அதில் ஜன்னல் இருக்கைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். எழுந்து நடக்க நடைபாதை ஓரம்தான் வசதி.