நாய் ரிக்கார்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வேலை பார்த்த நாட்களில் கிராமபோன் ரிக்கார்டுக் கட்டு வந்தால் முதலில் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைத்தான் பார்ப்பேன். குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய் இருந்தால் அது ஹெச்.எம்.வி. ('ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்', அதாவது எசமான் குரல்) கம்பெனி ரிக்கார்டு. ஆனால் சாமான் எடுக்கப் போகிற வீடுகளில் அந்தப் பெயர் காதில் விழுந்ததே இல்லை. 'நாய் ரிக்கார்டு' என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் ரிக்கார்டு வியாபாரம் செய்தவர்; அவருடைய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் என்ற வேறு பெயர் ரிக்கார்டுகளைக் கொண்டுவந்தது. அவையும் கட்டோடு கட்டாக நாய் ரிக்கார்டாகவே வந்து சேரும்.

பள்ளத்தூரில் ஒரு வளவில் (செட்டிநாட்டுப் பெரிய வீட்டில்), இரண்டாங்கட்டு அறையிலிருந்து கையில் தூக்கிப் போகிற சின்னப் பெட்டி கிராமபோன் ஒன்றை எடுத்து வைத்தார்கள். மூடியைத் திறந்தால் அதே நாய். வயதான ஆச்சி அதைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்: "எசமான் செத்துப்போயிட்டாக தம்பி. அவுக பொணப்பெட்டி மேல உக்காந்து குரலைக் கேக்குது. எங்க அப்பச்சி அப்ப ரங்கூன்ல இருந்தாக. அவுக குரலும் வரும்னு காதை வச்சுக்கிட்டே இருப்பேன்."

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களிடமிருந்து கடிதம் வரும், பணம் வரும், குரல் வராது. நாயைப் பார்த்ததும் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த ஆச்சிக்குத் தன் அப்பச்சி (அப்பா) நினைவு வந்ததில் என்ன ஆச்சரியம்?

சவப்பெட்டிக் கதை பல நாடுகளில் உலவுகிறது. உண்மை வேறு. நிப்பர் என்ற அந்த நாய் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் 1884-இல் பிறந்தது. அதை வளர்த்த மார்க் பராட் 1887-இல் இறந்தபின், ஓவியரான தம்பி பிரான்சிஸ் எடுத்துக்கொண்டார். நாய் 1895-இல் செத்துப்போனது. அப்புறம்தான் படம் வரைந்தார். முதலில் அதில் இருந்தது உருளை சுற்றுகிற போனோகிராப். 1899-இல் கிராமபோன் கம்பெனி 100 பவுண்டு கொடுத்து வாங்கியபோது, அதை அழித்துத் தட்டு சுற்றுகிற கிராமபோனாக மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு இதில் மனசு நிற்கிற இடம் ஒன்று உண்டு. உருளை மெஷினில் வீட்டிலேயே குரலைப் பதிந்து கேட்கலாம். தட்டில் முடியாது, கம்பெனி பதிந்ததைத்தான் கேட்க முடியும். ஆச்சி சின்ன வயதில் ஆசைப்பட்டது அந்த முதல் படத்துக்குப் பொருந்துகிற ஆசை.

இப்போது பித்தளைக் குழாய் மினுமினுக்க, எட்டுப் பட்டைப் பெட்டியில் நாய் ஸ்டிக்கர் ஒட்டிய கிராமபோன்கள் வந்துவிட்டன. நிறைய பேர் அதைத்தான் தாத்தா காலத்துச் சாமான் என்று நம்பி வாங்குகிறார்கள். அதற்காகக் குழாய் வெளியே தெரியாத பழைய பெட்டிகளைப் பிரித்து மோட்டாரை உருவுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. நம் வீடுகளில் பாடியவை பெரும்பாலும் அந்தச் சாதாரணக் கறுப்புப் பெட்டிகள்தான்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பிரிக்கக் கொடுக்காதீர்கள். ரிக்கார்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அதில் உள்ள அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணி போதும். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சொல்லக்கூடிய ஆச்சிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.