கடைமடையில் வாலைப் பாத்திரம்: சில நாட்குறிப்புகள்

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

மழைக்காலத்துக்கு முன் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த, உப்புத் தண்ணீரை ஆவியாக்கிக் குடிநீராக வடிக்கும் வாலைப் பாத்திரத்தைச் சென்னையிலிருந்து மைத்துனர் அனுப்பிவிட்டார். மூன்று அடுக்கு, முழுவதும் எவர்சில்வர், மின்சாரம் வேண்டியதில்லை. அடியில் தண்ணீர் கொதிக்கும் பானை. நடுவில் ஆவி மேலே செல்ல வழிவிட்டு, வடிநீரைப் பிடித்து ஒரு மூக்குக்குழாய் வழியாக வெளியே விடும் வளையத்தட்டு. உச்சியில் கூம்பாகக் கீழ்நோக்கி இறங்கும் மேல்தட்டு. மேல்தட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி வைத்தால், ஏறிவரும் ஆவி அதன் அடிப்பக்கத்தில் பட்டுக் குளிர்ந்து, கூம்பின் நுனியில் திரண்டு, நடுத்தட்டில் விழுகிறது. நாட்டு வைத்தியர்கள் தீநீர் இறக்கும் வாலையும், ஓம வாட்டர் காய்ச்சும் பாத்திரமும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன தேவை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காவிரி பாயும் ஊர்தான், ஆனால் நாங்கள் கடைமடை, ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் இடம். வேதாரணியத்தைச் சுற்றி அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வெகுதூரம் வர வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்ட ஊர்கள் பல. 2004 சுனாமியில் கடலோரக் கிணறுகளில் கடல்நீரே புகுந்துவிட்டது. தண்ணீர் கண்ணெதிரே இருந்தும் குடிக்க முடியாத நிலை எங்களுக்குப் புதியதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் அடிபம்புத் தண்ணீரை ஊற்றிக் கொல்லையில் விறகடுப்பை மூட்டினோம். அடுத்த வீட்டு அப்பாயி வேலியோரம் வந்து நின்று மூக்குக்குழாயை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பட்டப்பகல்லயே சரக்கு காச்சுறீயளா?" என்று கேட்டார். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. தண்ணீர் என்று சொல்லி ஒரு டம்ளர் கொடுத்த பிறகே நம்பினார்.

கொதி வந்த பிறகும் குழாயின் நுனி சற்று நேரம் வெறுமனே வியர்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்தது உடனே வந்தது. சிறிது நேரத்தில் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூல் போன்ற ஒழுக்காயின. முதலில் இறங்கிய அரை டம்ளரைக் கீழே கொட்டிவிட்டோம். தண்ணீரில் எளிதில் ஆவியாகும் பொருள் ஏதேனும் இருந்தால் அது பெரும்பாலும் முதல் சொட்டுகளிலேயே வந்துவிடும் என்பதும், புதுப் பாத்திரத்தின் வாடை அதோடு போகட்டும் என்பதும் காரணம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அடிபம்புத் தண்ணீருக்கு லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் காட்டியது, வடிநீருக்கு 14. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதையும் இந்தப் பாத்திரம் குடிநீராக்கும், ஆனால் பாதி வற்றியதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடர்ந்துபோன உப்புநீர் நுரைத்துத் தெறித்தால் வடிநீரில் கலந்துவிடும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று முழுவதும் விறகுக் கணக்கு. விளம்பரத்தாள் சொல்லாமல் விடுவதும், வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,250 கிலோஜூல் வேண்டும். அதாவது, காய்ச்சிக் குடிப்பதற்கு ஆகும் விறகைப் போல எட்டு மடங்குக்கும் அதிகமான விறகு வடிப்பதற்கு ஆகும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் உண்டு என்றாலும், மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே ஒரு லிட்டர் வடிநீருக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு எரிந்தே தீரும். நாலு பேர் இருக்கும் வீட்டில் குடிக்கவும் கஞ்சி வைக்கவும் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்கு ஒரு குவிண்டால் விறகு. எரிவாயு அடுப்பில் கணக்கு நயமாக இருக்கிறது, 14.2 கிலோ உருளை ஒன்றில் நூறு லிட்டருக்குக் குறையாமல் இறக்கலாம். ஆனால் புயலுக்குப் பின் அடுத்த உருளை எப்போது வரும் என்பதை யார் சொல்ல முடியும்?

புயலடித்தால் விறகுக்கா பஞ்சம், தென்னையெல்லாம் கீழேதானே கிடக்கும் என்று தம்பி சொன்னான். கிடக்கும், ஈரமாகக் கிடக்கும். பச்சை மட்டையும் நனைந்த சவுக்கும் புகையைத்தான் தரும். இப்போதே காய்ந்த சவுக்கு விறகை வாங்கிப் பரணில் அடுக்கிவிட வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரின் கணக்கும் இதற்குக் குறைந்ததில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் ஆவி மீண்டும் நீராகும்போது, தான் வாங்கிய 2,250 கிலோஜூலையும் மேல்தட்டுத் தண்ணீரிடம் கொடுத்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், ஒரு லிட்டர் வடிநீருக்குப் பதினெட்டு லிட்டர் மாற்றி ஊற்ற வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் இறங்கும் எங்கள் அடுப்பில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அடுப்பை மூட்டிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்ற நினைப்பு பலிக்காது. நல்லவேளையாக, குளிர்விக்க உப்புத் தண்ணீரே போதும். சூடான அதையே அடுத்த முறை அடிப்பானையில் ஊற்றினால் விறகும் சிறிது மிஞ்சும்.

செப்டம்பர் 22, திங்கள்

சப்பென்று இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உப்பும் சுண்ணமும் காற்றும் போய்விட்ட தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? இரண்டு குடங்களுக்கிடையே நாலைந்து முறை ஆற்றி ஊற்றினால் சற்றுத் தேவலை. தாது இல்லாத தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு, சோறும் குழம்பும் சாப்பிடுகிறவர்கள் ஆபத்துக்காலத்தில் சில நாள் குடிப்பதற்குப் பொருந்தாது.

பானையின் அடியில் வெண்பொருக்கு கட்டியிருந்தது. புளிக்கரைசலை ஊற்றி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம், வந்துவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தெருவில் சிலர் வந்து பார்த்தார்கள். எல்லாத் தண்ணீரையும் இதில் ஊற்றலாமா என்பதே பெரும்பாலோர் கேள்வி. கலங்கிய ஆற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், கிருமி இருக்குமோ என்று சந்தேகப்படும் தண்ணீர் ஆகியவற்றைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்தாலோ குளோரின் போட்டாலோ போதும். அவற்றுக்கு வாலை என்பது விறகுக்குப் பிடித்த கேடு. மின்சாரம் இல்லாதபோது உப்புக்கு மட்டும் வடிப்பதைவிட்டால் வழியில்லை, ஏனென்றால் கொதிக்கவைத்தால் உப்பு அடர்த்தியாகுமே தவிரப் போகாது, குளோரினும் உப்பைத் தொடாது.

வெள்ளத்தில் வயலின் பூச்சிமருந்தும் பம்புசெட்டின் டீசலும் கலந்த தண்ணீரை இதில் ஊற்றவே கூடாது. அவற்றில் சில பொருள்கள் ஆவியோடு சேர்ந்து மேலே ஏறி வடிநீரிலும் இறங்கிவிடும். முதல் அரை டம்ளரைக் கொட்டுவது அதற்குப் போதுமான காவல் ஆகாது.

ஆவி கசிகிறது என்று அடுக்குகளின் இடுக்கில் கோதுமை மாவு பூசுவதில் தவறில்லை. மூக்குக்குழாய் மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதன் நுனி அடைபட்டால் ஆவி வெளியேற வழியின்றிப் பாத்திரமே வெடிக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்லலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று இரவு ஒரு மழை. முற்றத்தில் கட்டிய தார்ப்பாயிலிருந்து, முதல் தண்ணீரை விட்டுவிட்டு, சிறிது நேரத்திலேயே இரண்டு குடம் பிடித்தோம். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 20க்குள் நிற்கிறது. விறகு ஒரு குச்சிகூடச் செலவில்லை. கடலில் சூரியன் காய்ச்சி மேகம் குளிர்வித்த வடிநீர்தான் இதுவும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்வரை வாலைக்கு வேலையே இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. புயல் ஓய்ந்து, வானம் வெளுத்து, பிடித்த மழைநீர் தீர்ந்து, மின்சாரமும் லாரியும் வந்து சேராத இடைவெளிதான் இதன் காலம். கண்ணாடி மூடிய சூரிய வாலை அந்த நாட்களில் துணைக்கு ஆகும். நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் தரும், மூடிய வானத்தில் தராது.

ஆகவே ஏற்பாடு இப்படி: இரண்டு தார்ப்பாயும், மூடியுள்ள இரண்டு டிரம்மும் முதலில், பரணில் ஒரு குவிண்டால் சவுக்கு, வாலைப் பாத்திரம் சாக்கில் கட்டி அதன் மேல். வடிநீரில் குளோரின் மிச்சம் இராது என்பதால், சேமிக்கும் குடத்தை மூடியே வைத்து, கரண்டி விடாமல் சாய்த்து ஊற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அப்பாயி வீட்டுக்கும் தார்ப்பாய் ஒன்று வாங்க வேண்டும். நாளை வேதாரணியம் கடைத்தெருவுக்குப் போகும்போது பார்க்கலாம்.