கட்டட சைட்ல போடுற தோல் ஷூ சிங்கப்பூர்ல ஏன் சீக்கிரம் போகுது

ஊர்லேருந்து புதுசா வர்ற பசங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணே, எந்த கம்பெனி சேஃப்டி ஷூ ரொம்ப நாள் வரும்?"னு. பேரு சொல்றது ஈஸிதான், கிங்ஸ்னு சொல்லலாம் (இங்க சிங்கப்பூர்லயே இருந்த கம்பெனி அது, 2011ல ஹனிவெல் வாங்கிருச்சு), ரெட் விங்னு சொல்லலாம். ஆனா ஒரே பிராண்ட் ஷூவை ஒரே நாள்ல வாங்குன ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வருஷக்கணக்கா வருது, இன்னொருத்தருக்கு நாலு மாசத்துல வாயைப் பொளந்துடுது. அது ஏன்னு பாத்தா பெரும்பாலும் ஈரம், சிமெண்ட், இந்த ஊரு வெக்கை, இந்த மூணுல ஒண்ணுல போய்தான் நிக்கும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். வேலைக்கு வேண்டிய சேஃப்டி ஷூவை நம்மள வேலைக்கு வச்ச கம்பெனிதான் குடுக்கணும், அது சட்டம், கூச்சப்படாம ஸ்டோர்ல கேளுங்க. குடுக்குற ஷூவோட நாக்குக்கு உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும், அதுல எஸ்எஸ் 513 (சிங்கப்பூர் தர நம்பர்) இல்லாட்டி ஐஎஸ்ஓ 20345 (உலகத் தர நம்பர்)னு போட்ருக்கான்னு பாத்துட்டுதான் காலை உள்ள விடணும். அந்த நம்பர் இருந்தா முன்னாடி விரலை மூடி இருக்குற கெட்டியான டோ கேப் 200 ஜூல் அடியைத் தாங்குற மாதிரி சோதிச்சதுன்னு அர்த்தம், அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ சாமான் 1 மீட்டர் உயரத்துலேருந்து விழுற அடி. ஒரு தடவை அந்த மாதிரி பலமா அடி வாங்கிட்டா மேல தோல் நல்லா இருந்தாலும் அந்த ஷூவை மறுபடி போடக்கூடாது, உள்ள கேப் நசுங்கியிருந்தா அடுத்த அடியை அது தாங்காது.

பக்கத்துலயே எஸ்1பி, எஸ்3ன்னு எழுதியிருக்கும். எஸ்1பின்னா அடியில ஆணி ஏறாத தகடு இருக்கு. எஸ்3ன்னா அந்த தகடோட சேத்து மேல்தோல் தண்ணியை சீக்கிரம் உள்ள விடாது, சோல்லயும் நல்ல பல்லு இருக்கும். இந்த ஊரு மழைக்கும் சேத்துக்கும் நான் எஸ்3தான் கேக்க சொல்லுவேன், டிசம்பர் மழையில அஸ்திவாரத் தூண் இறக்குற பைலிங் சைட்ல நின்னவங்களுக்கு ஏன்னு தெரியும். காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற, பிரிக்கிற கேங்ல இருக்குறவங்க தகடு இரும்பா துணியான்னும் கேட்டுக்கங்க. துணித் தகடு லேசா வளைஞ்சு குடுக்கும், நடக்க சுகம், ஆனா மெல்லிசான ஆணிக்கு இரும்புத் தகடுதான் எனக்கு நம்பிக்கை.

சரி, ஈரத்துக்கு வர்றேன். தோல் வேர்வையைக் குடிக்கும், அதுக்காகத்தான் தோல் ஷூவே போடுறோம், ரெக்சின் மாதிரி கால் வேகாது. ஆனா குடிச்சதை வெளிய விட அதுக்கு நேரம் வேணும். காலையில இருட்டோட லாரி ஏறி, ஓவர்டைம் முடிச்சு ராத்திரி டார்முக்கு (தங்குற விடுதிக்கு) வந்து, கழட்டி வாசல்ல போட்டுட்டு மறுநாள் விடியக்காலம் அதே ஷூவைத்தான் மாட்டுறோம், இந்த ஊரு காத்துல அது எங்க காயும்? காயாத தோல் ஊறி ஊறி தளர்ந்துடும், தையல் நூல் இத்துப்போகும், உள்ள பூசணம், அப்புறம் விரலிடுக்குல சேத்துப்புண்ணு. ரெண்டு ஜோடி வச்சு மாத்தி மாத்திப் போடுறதுதான் இதுக்கு நல்ல வழி, ரெண்டும் சேந்து ஒரு ஜோடியை மாதிரி ரெண்டு மடங்குக்கு மேலயே வரும், இது நான் கண்ணால பாத்தது. கம்பெனி ஒண்ணுதான் குடுக்குதுன்னா இன்னொண்ணுக்கு சொந்தக் காசு போனாலும் பரவால்லன்னு சொல்லுவேன். நனைஞ்சு வந்தா உள் அட்டையை உருவி வெளிய வச்சுட்டு, பழைய தமிழ் முரசு பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க, படுக்கறதுக்கு முன்னாடி பேப்பரை ஒரு தடவை மாத்திடுங்க. சீக்கிரம் காயணும்னு வெயில்லயோ ஜெனரேட்டர் பக்கத்துலயோ வச்சீங்கன்னா தோல் அப்பளம் மாதிரி விறைச்சு வெடிச்சுடும்.

சிமெண்ட் இன்னும் மோசம். இன்னும் காயாத பச்சை சிமெண்ட் கடுமையான காரம், பிஹெச் 12க்கு மேல. பதப்படுத்துன தோல் லேசா அமிலத்தன்மை உள்ளது, அதுமேல காரம் பட்டு அப்படியே காஞ்சா தோல்ல இருக்குற எண்ணெய்ப்பசை போயி மடிப்பு விழுற இடத்துல கோடு கோடா வெடிக்கும். அதனால அன்னன்னிக்கே பழைய டூத்பிரஷ்ஷை வச்சு தையலோரம் எல்லாம் தேய்ச்சு கழுவி, காஞ்சதும் கொஞ்சம் பாலிஷ் போடுங்க, ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போட்டாக்கூட போதும். காங்கிரீட் ஊத்துற அன்னிக்கு தோல் ஷூவே வேணாம், ரப்பர் கம் பூட் போடுங்க. ஷூவுக்குள்ள காங்கிரீட் தண்ணி போயிட்டா உடனே கழட்டிக் காலைக் கழுவிடணும், அது ஆரம்பத்துல வலிக்கவே வலிக்காது, சாயங்காலம் சாக்ஸை உருவும்போதுதான் தோல் வெந்து போயிருக்கறது தெரியும். சூப்பர்வைசர் திட்டுவாருன்னு யாரும் பொறுத்துக்கிட்டு நிக்காதீங்க, தயவுசெஞ்சு.

மூணாவது வெக்கை, அது பிடிக்கிறது சோலை. ஊருக்கு லீவுல போனவரு நல்ல ஷூவை கவர்ல சுத்தி லாக்கர்ல பத்திரமா வச்சுட்டுப் போவாரு, வந்து போட்ட மொத நாளே சோல் கேக் மாதிரி உதிரும், டூப்ளிகேட்டை வித்துட்டான்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க. அது பியூ சோல், அதாவது பாலியூரித்தேன்கிற லேசான பிளாஸ்டிக்குல செஞ்சது. காத்துல இருக்குற ஈரமும் வெக்கையுமே அதை உள்ளுக்குள்ள மெல்ல அரிச்சுடும், போட்டாலும் போடாட்டியும் அதுபாட்டுக்கு நடக்கும், கவர்ல கட்டி வச்சா ஈரம் உள்ளயே நின்னு இன்னும் கெடும். ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில ஆஃபர்னு பாதி விலைக்குக் கிடைச்சா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அது எந்த வருஷம் செஞ்சதுன்னு லேபிள்ல பாருங்க, அதுலயே அச்சடிச்சிருக்கும். ரப்பர் சோல் கனம் கூட, விலையும் கூட, ஆனா இந்த வியாதி அதுக்கு வராது. வெல்டிங் பசங்களுக்கு ரப்பர்தான், எச்ஆர்ஓன்னு போட்ட சோலா பாத்து வாங்குங்க, 300 டிகிரி சூட்டுல வச்சு சோதிச்சது. கயிறு இல்லாம இழுத்து மாட்டுற மாடலா இருந்தா தீப்பொறி நாக்குல போய் உக்காராது.

அளவும் முக்கியம். சின்ன வயசுல செருப்பில்லாம நடந்து வளந்த காலு, முன்பக்கம் அகலம். கடையில நீளத்தை மட்டும் பாத்து வாங்குனா சுண்டுவிரல் இரும்புல உரசி உரசி ரத்தம் கட்டும், அந்த வேதனைக்குத்தான் பாதிப்பேரு பின்பக்கத்தை மிதிச்சு செருப்பு மாதிரி போட்டுக்கிட்டு திரியறாங்க, அப்படியே ஏணி ஏறவும் செய்றாங்க, பாக்கவே பயமா இருக்கு. வேலை முடிஞ்சு கால் வீங்கியிருக்கற சாயங்கால நேரத்துல, சைட்ல போடுற தடிச்ச சாக்ஸோட போய் போட்டுப்பாருங்க, அகல மாடல் இருக்கான்னு வாய்விட்டுக் கேளுங்க, நெறைய கம்பெனியில இருக்கு.

ரூமுக்குப் புதுசா வந்த தம்பிக்குப் பழைய ஷூவை எடுத்துக் குடுக்குற நல்ல மனசு நம்ம ஆளுங்ககிட்ட உண்டு. குடுக்காதீங்க. உள்ள உங்க காலோட குழி விழுந்திருக்கும், அவருக்கு முட்டி வலிக்கும், உங்க பூசணமும் கூடவே போகும். கூட்டிக்கிட்டுப் போய் ஸ்டோர்ல புதுசு கேட்டு வாங்கிக் குடுங்க, மொத வாரம் தனியா போய்க் கேக்க அவருக்கு தைரியம் இருக்காது.