ஹம்போல்ட் ரெட்வுட்ஸில் கூடாரம் அடிக்க

கோடையில் வடக்கு கலிஃபோர்னியா பக்கம் போனால் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். நாங்கள் வழக்கமாக பர்லிங்டன் முகாமில்தான் கூடாரம் அடிப்போம். ரெட்வுட் என்னும் மிக உயரமான மரங்களின் காடு இது. முகாமைச் சுற்றி நிற்பவை, பழைய காட்டை வெட்டிய பிறகு தலையெடுத்த மரங்கள். வெட்டுப்பட்ட பெரிய அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு கட்டையைச் சுற்றி, அதன் அடியிலிருந்தே துளிர்த்த மரங்கள் வட்டமாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பக்கத்திலேயே ஃபவுண்டர்ஸ் தோப்பு. 360 அடிக்கு மேல் வளர்ந்திருந்த டயர்வில் ஜயண்ட் என்ற ரெட்வுட் மரம் 1991 மார்ச்சில் சாய்ந்து, அங்கேயே கிடக்கிறது. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது பட்டையைத் தடவிக்கொண்டே, "இவ்வளவு மரத்தை ஏன்டா சும்மா போட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். மரத்தின் மேலேயே முளைத்திருந்த பெரணியையும் பாசியையும் காட்டினேன். குனிந்து பார்த்தவர் அங்கிருந்து நகர வெகுநேரமானது.

கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது, விறகை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கரடி நடமாடும் காடு. பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாமே முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும். ஆகஸ்டிலும் விடிகாலையில் குளிரும், கம்பளி அவசியம்.